பிஸ்கட்டின் மேல் ஒரு முதலெழுத்து

'குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே' என்பார்கள் நம் பெரியோர். ஒரு வீட்டில் குழந்தை பிறந்த செய்தி அடுத்த வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போவதில்லை. ஓர் இனிப்போடுதான் போகிறது. நம் ஊரில் சர்க்கரையும் கற்கண்டும் மிட்டாயும் கொடுக்கிறோம். இத்தாலியில் குழந்தையின் திருமுழுக்கு நாளன்று, சர்க்கரைப் பூச்சிட்ட வாதுமைப் பருப்புகளைச் சிறு பைகளில் கட்டி விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். நெதர்லாந்தில் வட்டமான ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சர்க்கரை பூசிய சோம்பு மணிகளைத் தூவி, குழந்தையைப் பார்க்க வருவோருக்குத் தருகிறார்கள். அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் பிஸ்கட்டின்மேல் குழந்தையின் பெயரெழுத்தை ஐசிங்கால் எழுதிக் கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது.

இந்தக் கலையை மனையியல் பிரிவு மாணவிகளாகிய நாங்கள் இவ்வாண்டு செய்து கற்றோம். பாடத்திட்டத்தில் இது இல்லை. எனினும் கற்றோம். ஏன் கற்றோம், எப்படிச் செய்தோம், எங்கே தவறினோம் என்பதையெல்லாம் ஒளிவு மறைவின்றிக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாய்ப்பு வந்த விதம்

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாலை. மனையியல் கூடத்தில் பாத்திரங்களைத் துலக்கிக் கொண்டிருந்தோம். ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். அவளுடைய தாயார் நம் பள்ளியில் பல ஆண்டுகளாகப் பணிபுரிபவர். அப்போது பிரசவ விடுப்பில் இருந்தார்.

"அக்கா, எங்க பாப்பாவுக்கு அடுத்த வாரத்துக்கு மறுவாரம் ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். நீங்க வருவீங்களா?" என்று கேட்டாள்.

"வராம இருப்போமா? வீட்ல பெரிய விசேஷமா?" என்றோம்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லக்கா. யாருக்கும் சொல்லல. மூணாவதும் பொம்பளப் பிள்ளதானே, எதுக்கு வீண் செலவுன்னு பாட்டி சொல்லிட்டாங்க."

எங்களுள் ஒருவருக்கும் உடனே பேச்சு வரவில்லை. நாங்கள் அனைவரும் பெண்கள். எங்களிலும் இரண்டாம் பெண், மூன்றாம் பெண் என்று இருக்கிறோம். அந்தப் பாட்டியைக் குறை சொல்லும் உரிமையும் எங்களுக்கு இல்லை. அவர் எத்தனை கஷ்டங்களைப் பார்த்தாரோ! ஆனால் அந்தக் குழந்தைக்கு ஒரு கொண்டாட்டம் வேண்டும் என்று மட்டும் எல்லோருக்கும் தோன்றியது. கையில் இருந்ததோ ஆளுக்குச் சில ரூபாய்களும், பள்ளியின் ஓவனும், பதினோரு நாட்களும்தாம். மனையியல் டீச்சரிடம் சொன்னோம். "நாற்பது பிஸ்கட் சுடுங்கள். ஒவ்வொன்றிலும் குழந்தையின் முதலெழுத்தை எழுதுங்கள். எழுத்து எழுதிய பொருளை யாரும் ஏனோதானோ என்று வாங்கிக்கொள்ள மாட்டார்கள்" என்றார் அவர். தலைமையாசிரியை சிஸ்டரும் இசைவு தந்தார்.

மோனோகிராம் என்பது யாது?

பெயரின் முதலெழுத்தையோ, சில எழுத்துகளை ஒன்றோடொன்று பின்னியோ அமைக்கும் சின்னத்துக்கு 'மோனோகிராம்' என்று பெயர். கிரேக்க மொழியில் 'மோனோ' என்றால் ஒன்று; 'கிராம்மா' என்றால் எழுத்து. மிகப் பழங்காலத்திலேயே கிரேக்க நகரங்கள் தங்கள் நாணயங்களில் இத்தகைய சின்னங்களைப் பொறித்தன. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் (1471–1528) தம் படங்களில் முழுப் பெயரை எழுதாமல், பெரிய 'ஏ' எழுத்தின் கால்களுக்கு நடுவே சிறிய 'டி' எழுத்தை நிறுத்தினார். அதைக் கண்டால் இன்றும் அவருடைய ஓவியம் என்று உலகம் அறிந்துகொள்கிறது.

நமக்கு இது புதிதன்று. கிரேக்க எழுத்துகளான கீ, ரோ இரண்டையும் பின்னிய கிறிஸ்துவின் சின்னத்தை 312-ஆம் ஆண்டுப் போரில் மன்னன் கான்ஸ்டன்டைன் தன் வீரருக்கு அடையாளமாகத் தந்தான் என்பது மரபு. திருப்பலியில் பயன்படும் அப்பத்தில் பல இடங்களில் 'ஐ.எச்.எஸ்.' என்ற எழுத்துகள் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். கிரேக்க மொழியில் இயேசுவின் பெயருடைய முதல் மூன்று எழுத்துகளே அவை. மாவில் பெயரெழுத்தைப் பதிப்பது அத்துணைப் பழைய வழக்கம்.

எழுத்தையும் உணவையும் குழந்தையோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. நம் நாட்டில் பரப்பிய நெல்லிலோ அரிசியிலோ குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோம். இடைக்கால ஐரோப்பாவில் யூதச் சிறுவர் முதன்முதலில் பாடம் படிக்கப் போகும்போது, பலகையில் எழுதிய எழுத்தின்மேல் தேனைத் தடவி நக்கச் செய்வார்களாம். கல்வி இனிப்பானது என்று உணர்த்தவே அவ்வாறு செய்தார்கள். இங்கிலாந்தில் இஞ்சி ரொட்டியில் எழுத்துகளைப் பதித்து, கற்றுக்கொண்ட எழுத்தைத் தின்னக் கொடுத்த காலமும் இருந்தது. நெதர்லாந்தில் டிசம்பர் 5-ஆம் நாள், புனித நிக்கோலாஸ் திருநாளின் முன்மாலையில், பெயரின் முதலெழுத்து வடிவில் சாக்லேட் கொடுப்பது இன்றும் நடக்கிறது.

எந்த எழுத்தை எழுதுவது?

மேல்நாட்டு முறையில் மூன்று எழுத்துகள் சேர்ந்த சின்னத்தில், குடும்பப் பெயரின் எழுத்தை நடுவில் பெரிதாகப் போட்டு, மற்ற இரண்டையும் இரு பக்கமும் சிறிதாகப் போடுவார்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆதலால் அந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்வது பொருந்தாது. குழந்தையின் சொந்தப் பெயரின் முதலெழுத்து ஒன்றே போதும் என்று முடிவு செய்தோம்.

குழந்தைக்கு வைக்கவிருந்த பெயர் 'அ'வில் தொடங்குவது. ஆங்கில 'ஏ'யா, தமிழ் 'அ'வா என்று எங்களுக்குள் விவாதம் எழுந்தது. 'ஏ' எழுதுவது எளிது, மூன்று நேர்கோடுகள்தாம். 'அ'விலோ ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு நேர்கோடு ஆகிய மூன்றும் உண்டு. பாதிப் பேர் 'ஏ' பக்கம் சாய்ந்தோம். அப்போது அந்தத் தங்கை, "பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும்" என்றாள். விவாதம் அத்துடன் முடிந்தது.

வளைகாப்புக்குச் செய்வதானால் குழந்தையின் பெயர் தெரிந்திராது. அப்போது தாயின் முதலெழுத்தையே எழுதலாம். சில நாடுகளில் பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பதைக் கேக்கினுள் ஒளித்து வைத்த நிறத்தால் அறிவிக்கும் விருந்துகள் நடைபெறுகின்றன. நம் நாட்டில் அதற்கு இடமில்லை. கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஏன் தடை செய்ய வேண்டியிருந்தது என்பதை நாம் அறிவோம்.

பிஸ்கட் செய்யும் முறை

நாம் பிஸ்கட் என்பதை அமெரிக்கர் 'குக்கி' என்பர். சிறு கேக் என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. எழுத்து எழுதுவதற்கான பிஸ்கட் தட்டையாகவும், விளிம்பு கூராகவும், எடுத்தால் உடையாததாகவும் இருத்தல் வேண்டும். ஏறத்தாழ நாற்பது பிஸ்கட்டுக்கு வேண்டியவை:

மைதா – 375 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் – 200 கிராம்
பொடித்த சர்க்கரை – 125 கிராம்
முட்டை – 1
வனிலா எசென்ஸ் – 1 தேக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை

வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்றாகக் குழைத்து, முட்டையையும் எசென்ஸையும் சேர்க்க வேண்டும். பின்னர் மைதாவையும் உப்பையும் சலித்துப் போட்டு, மாவு ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவைப் போல் அடித்துப் பிசைந்தால் பிஸ்கட் கடினமாகிவிடும். பேக்கிங் பவுடர் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பிஸ்கட் உப்பி, மேற்பரப்பு மேடு பள்ளமாகி, எழுத்து கோணலாகும்.

மாவை இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவில் வைத்துப் பூரிக்கட்டையால் தேய்க்கலாம். இரு பக்கமும் ஐந்து மில்லிமீட்டர் தடிப்புள்ள மரச் சட்டங்களை வைத்து, அவற்றின்மேல் கட்டை உருளும்படி தேய்த்தால் எல்லாம் ஒரே தடிப்பாக வரும். தேய்த்த மாவை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். வெண்ணெய் இறுகினால்தான் வெட்டிய வடிவம் ஓவனில் கலையாது. பின்னர் ஆறு சென்டிமீட்டர் வாயகலமுள்ள டம்ளரால் வட்டங்களாக வெட்டி, 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் 12 முதல் 14 நிமிடம் சுட வேண்டும். விளிம்பு இலேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிடலாம். முற்றிலும் ஆறிய பிறகே ஐசிங் பூச வேண்டும். சூடான பிஸ்கட்டில் ஐசிங் உருகி வழிந்துவிடும்.

ராயல் ஐசிங்

எழுத்து எழுத ஏற்றது 'ராயல் ஐசிங்'. முட்டையின் வெள்ளைக்கருவையும் மிக நுண்ணிய சர்க்கரைத் தூளையும் சேர்த்து அடித்தால் கிடைப்பது இது. காய்ந்ததும் பீங்கான்போல் இறுகி, கையில் ஒட்டாது. 1769-ஆம் ஆண்டில் எலிசபெத் ராஃபால்டு என்ற ஆங்கிலப் பெண்மணி வெளியிட்ட சமையல் நூலிலேயே மணமகள் கேக்கின்மேல் சர்க்கரை ஐசிங் பூசும் முறை உள்ளது. 1840-இல் விக்டோரியா மகாராணியின் திருமணக் கேக் இத்தகைய வெண்ணிற ஐசிங்கோடு விளங்கியது.

இது ஏதோ அந்நியச் சரக்கு என்று எண்ண வேண்டா. நம் தூத்துக்குடி மக்ரூனும் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முந்திரித் தூள் சேர்த்துச் செய்வதுதானே! மக்ரூனை இளஞ்சூட்டில் உலர்த்துகிறோம். ஐசிங்கைக் காற்றில் உலர்த்துகிறோம். வேறுபாடு அவ்வளவே.

ஆனால் அந்த வேறுபாட்டில் ஓர் ஆபத்து உண்டு. மக்ரூன் அடுப்பில் வேகிறது, ஐசிங் வேகுவதில்லை. பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். கருவுற்ற தாய்மாரும், பிள்ளை பெற்ற தாய்மாரும், முதியோரும், சிறுவரும் கூடும் விழாவில் பச்சை வெள்ளைக்கருவைப் பயன்படுத்துவது முறையன்று. கேக் பொருள்கள் விற்கும் கடைகளில் 'மெரிங் பவுடர்' கிடைக்கிறது. கிருமி நீக்கி உலர்த்திய வெள்ளைக்கருவிலிருந்து தயாரிக்கப்பட்டது அது. நாங்கள் அதையே வாங்கினோம்.

ஐசிங் சர்க்கரை – 450 கிராம்
மெரிங் பவுடர் – 3 மேசைக்கரண்டி
வெதுவெதுப்பான நீர் – 5 அல்லது 6 மேசைக்கரண்டி

எண்ணெய்ப் பிசுக்கு சிறிதும் இல்லாத பாத்திரத்தில் இவற்றைப் போட்டு 7 முதல் 10 நிமிடம் அடிக்க வேண்டும். பிசுக்கு இருந்தால் நுரை எழாது. கரண்டியைத் தூக்கினால் ஐசிங் கூம்பாக நிற்க வேண்டும். அடித்த ஐசிங் காற்றுப் பட்டால் மேலே ஏடு படியும். ஆதலால் ஈரத்துணியால் மூடி வைக்க வேண்டும்.

இதை மூன்று பதத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, விளிம்பில் வரப்பு கட்டுவதற்கான கெட்டிப் பதம். இரண்டாவது, வரப்புக்குள் நிரப்புவதற்கான இளகிய பதம். இதற்கு ஒரு சோதனை உண்டு. ஐசிங்கின் நடுவே கத்தியால் ஒரு கோடு கிழித்து, ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து எண்ணுவதற்குள் கோடு மறைந்தால் பதம் சரி. அதற்கு முன்பே மறைந்தால் வரப்பைத் தாண்டி ஓடும். மறையவே இல்லையென்றால் பரப்பு சமமாகாது. மூன்றாவது, எழுத்துக்கான பதம். இது வரப்புப் பதத்தைவிடச் சற்று மென்மையாக, பற்பசைபோல் இருக்க வேண்டும். நீரை ஊற்றாமல் துளித்துளியாகச் சேர்ப்பதே வெற்றிக்கு வழி.

எழுதும் முறை

பட்டர் பேப்பரை முக்கோணமாக வெட்டிக் கூம்பாகச் சுற்றி, நுனியை மிகச் சிறிதாகக் கத்தரித்தால் நமக்கு வேண்டிய பேனா கிடைத்துவிடும். மருதாணிக் கூம்பைப் பிடித்துப் பழகிய கை நமக்கு இருக்கிறது. அந்தப் பழக்கம் இங்கே பெரிதும் உதவியது. பாதிக்கு மேல் ஐசிங்கை நிரப்பக் கூடாது. நிரப்பினால் பின்பக்கமாகப் பிதுங்கும்.

முதலில் வரப்பு, அடுத்து நிரப்பு. காற்றுக் குமிழ் தோன்றினால் ஊசியால் குத்திவிட வேண்டும். இந்த அடித்தளம் நன்கு உலர்ந்த பின்னரே எழுத்தைத் தொடங்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் உலர்த்த வேண்டும் என்று படித்திருந்தோம்.

எழுதுவதற்கு முன் தாளில் எழுத்தைப் பெரிதாக எழுதி, அதன்மேல் பட்டர் பேப்பரை வைத்து, கூம்பால் பல முறை எழுதிப் பழகினோம். ஒவ்வொருத்தியும் குறைந்தது இருபது 'அ' எழுதிய பிறகே பிஸ்கட்டைத் தொடலாம் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேனாவைப்போல் உரசி எழுதுவது தவறு. நுனியால் தொட்டு, சற்றே உயர்த்தி, ஐசிங் நூல்போல் தொங்கும்போது அதை எழுத்தின் பாதையில் படுக்க வைக்க வேண்டும். முடியும் இடத்தில் அழுத்தத்தை நிறுத்திவிட்டு, நுனியைத் தாழ்த்தி எடுக்க வேண்டும். அழுத்தத்தை நிறுத்தாமல் எடுத்தால் வால் நீளும்.

தமிழ் எழுத்துக்கு உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஐசிங் விழுந்ததும் சிறிது அகலும். அதனால் சுழிகள் அடைபட்டுவிடும். சுழி அடைபட்ட 'அ'வைப் பார்த்தால் ஏதோ கறை என்றுதான் தோன்றும். எழுத்தின் உயரம் மூன்றரை சென்டிமீட்டர் இருந்தால் சுழி திறந்து நிற்கிறது என்று கண்டோம். ப, ட போன்ற எழுத்துகள் எளியவை. இ, ஐ, ஞ போன்றவை பொறுமையைச் சோதிப்பவை. 'மே', 'ஜோ' போன்ற கொம்பும் காலும் உடைய எழுத்துகளுக்கு வட்டத்தைவிட நீள்வட்ட பிஸ்கட் நல்லது.

நிறம் பற்றிய விவாதம்

"பெண் குழந்தைதானே, ரோஸ் நிறத்தில் எழுதலாம்" என்றாள் ஒருத்தி. பெண்ணுக்கு ரோஸ், ஆணுக்கு நீலம் என்பது தொன்றுதொட்டு வந்த விதி என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அது சரியன்று. 1918-இல் அமெரிக்காவில் குழந்தை உடை வணிகருக்காக நடந்த இதழ் ஒன்று, உறுதியான நிறமாகிய ரோஸ் ஆண் குழந்தைக்கு ஏற்றது, மென்மையான நீலம் பெண் குழந்தைக்கு ஏற்றது என்று எழுதியது. நிறத்துக்குப் பொருள் கொடுப்பவர் மனிதரே, மாற்றுகிறவரும் அவரே.

ரோஸ் நிறம் பற்றி இன்னும் ஓர் எச்சரிக்கை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனை தடை செய்யப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். துணிகளுக்குச் சாயமேற்றப் பயன்படும் 'ரோடமின் பி' என்னும் நஞ்சு அதில் கலந்திருப்பது பரிசோதனையில் தெரிந்ததே காரணம். ஆகவே பெயரும் உரிம எண்ணும் இல்லாத சாயப்பொடியை ஒருபோதும் வாங்கக் கூடாது. வீட்டிலேயே நிறம் எடுக்கலாம். உலர்ந்த பீட்ரூட் தூளில் ரோஸும், மஞ்சள் தூளில் மஞ்சளும், சங்குப்பூவில் நீலமும் கிடைக்கின்றன.

பள்ளி வேலியில் சங்குப்பூ மலர்ந்து கிடந்தது. வெந்நீரில் ஊற வைத்துக் கெட்டியான நீலச் சாறு எடுத்தோம். எழுத்து ஐசிங்கில் கலந்தோம். ஐசிங் இன்னும் இறுகட்டும் என்று ஒருத்தி எலுமிச்சைச் சாறு சில துளி விட்டாள். நீலம் எங்கள் கண்முன்னே ஊதாவாக மாறிவிட்டது! சிறிது நேரம் திகைத்து நின்றோம். பிறகுதான் வேதியியல் பாடம் நினைவுக்கு வந்தது. சங்குப்பூவின் நிறப்பொருள் அமிலம் பட்டால் ஊதாவாகும். லிட்மஸ் தாளைப் போன்றதே. ரோஸா நீலமா என்ற விவாதத்துக்கு எலுமிச்சம்பழமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஊதாவிலேயே எழுதினோம்.

நாங்கள் தவறிய இடம்

முதல் தவணையாக இருபது பிஸ்கட் செய்தோம். இரவெல்லாம் உலரட்டும் என்று கூடத்தில் பரப்பி வைத்துவிட்டு வீடு சென்றோம். காற்றோட்டம் வேண்டுமென்று சன்னல்களையும் திறந்து வைத்தோம். அன்றிரவு நல்ல மழை. மறுநாள் காலையில் ஐசிங் தொட்டால் ஒட்டியது. மணி பார்த்தோம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. நூல் சொன்ன நேரம் முடிந்துவிட்டது என்று அதன்மேல் எழுதினோம். மாலைக்குள் ஊதா நிறம் வெள்ளைக்குள் ஊறி, 'அ' ஒவ்வொன்றும் தண்ணீரில் நனைந்த மை போல் பரவிவிட்டது. ஒருத்தி அவசரப்பட்டுச் சிலவற்றைக் குளிர்பெட்டியில் வைத்தாள். வெளியே எடுத்ததும் அவற்றின்மேல் நீர்த்துளி அரும்பி, நிலைமை இன்னும் மோசமாயிற்று.

நூலில் எழுதியவர் குளிர்ந்த, உலர்ந்த நாட்டில் இருந்து எழுதியிருக்கலாம். ஐசிங்கிலுள்ள நீர் ஆவியாகப் போனால்தான் அது இறுகும். கடற்கரை ஊரில் மழைக்காலத்தில் காற்றே ஈரம் சுமந்து நிற்கிறது. மேலும் ஈரத்தை எப்படி ஏற்கும்? இரண்டாம் முறை சன்னலை அடைத்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, முழுதாக இருபத்துநான்கு மணி நேரம் காத்திருந்தோம். விரலால் தட்டினால் ஓடுபோல் ஒலித்த பிறகே எழுதினோம். ஒரு துளியும் ஊறவில்லை. கடிகாரத்தைக் கேட்பதைவிடப் பொருளையே தொட்டுக் கேட்பது மேல் என்று கற்றோம். வீணான இருபதையும் நாங்களே தின்று தீர்த்தோம், சுவையில் குறைவில்லை.

சில எச்சரிக்கைகள்

இந்தப் பிஸ்கட் குழந்தையின் பெயரால் செய்யப்படுவது, குழந்தைக்குக் கொடுப்பதற்கன்று. இரண்டு வயது நிரம்பும் வரை சர்க்கரை சேர்த்த பண்டங்களைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் தேன் தடவுவதும் கூடாது. பாட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்கு அது வழி வகுக்கலாம். அழகுக்காகத் தூவும் வெள்ளி நிறச் சர்க்கரை மணிகள் சிறுவரின் தொண்டையில் சிக்கக்கூடும். அவற்றை விட்டுவிடுதல் நலம். கோதுமை, பால், முட்டை ஒவ்வாதவர் உண்டு. ஆகவே ஒவ்வொரு பொட்டலத்திலும் சேர்ந்துள்ள பொருள்களை ஒரு சீட்டில் எழுதி வைத்தோம்.

ஐசிங் நன்கு காய்ந்த பிஸ்கட்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் கெடாது. எனவே விழாவுக்கு நாலைந்து நாள் முன்னதாகவே செய்து வைத்துவிடலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

திருமுழுக்கு முடிந்ததும் வீட்டுக்குச் சென்றோம். சிறிய வீடு. வாசலில் வாழைமரமும் இல்லை, பந்தலும் இல்லை. டப்பாவைப் பாட்டியின் கையில் கொடுத்தோம். திறந்து பார்த்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்தின்மேல் விரலை வைத்து, சுழியில் தொடங்கி நேர்கோடு வரை மெல்ல ஓட்டினார்.

"அ" என்று வாசித்தார்.

"ஆமா பாட்டி. பாப்பாவோட எழுத்து" என்றாள் தங்கை. "மூணாவது பிள்ளதான். ஆனா முதலெழுத்து."

பாட்டி சிரித்தாரா, கண் கலங்கினாரா என்று எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றவரே அடுத்தடுத்த வீட்டு வாசல்களில் நின்று, "பேத்திக்கு ஞானஸ்நானம், எடுத்துக்கோங்க" என்று கொடுத்ததை நாங்கள் கண்ணாரக் கண்டோம். நாற்பதில் ஒன்று மட்டும் மிஞ்சியது. அதை அவர் யாருக்கும் தரவில்லை.

அன்புத் தோழியரே! வெண்ணெயும் மைதாவும் சர்க்கரையும் எல்லோர் வீட்டிலும் உள்ளவைதாம். ஐசிங் செய்வது ஒரு வாரத்தில் கற்கக்கூடிய வித்தை. ஆனால் எழுத்து என்பது பெயரைக் குறிக்கிறது. பெயர் என்பது, 'நீ வருவாய் என்று காத்திருந்தோம். உன்னை இன்னாள் என்று அறிவோம்' என்று ஒரு குழந்தைக்கு உலகம் சொல்லும் முதற் சொல். ரோஸ், நீலம் என்று நிறத்தைப் பிரிக்கலாம்; எழுத்துக்கு ஆண் பெண் என்ற வேற்றுமை இல்லை. உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ அடுத்து ஒரு குழந்தை பிறக்கும்போது, அது எத்தனையாவது குழந்தையாயினும், முதற் குழந்தைக்கு எடுத்த அதே அளவு வெண்ணெயை எடுங்கள். அதே பொறுமையோடு எழுதுங்கள். மதிப்பிற்குரிய பெற்றோர்களே, அப்போது ஓவனையும் சமையலறையையும் எங்களுக்கு அரைநாள் விட்டுக்கொடுங்கள். பாத்திரங்களை நாங்களே துலக்கி வைத்துவிடுகிறோம்.

– மனையியல் பிரிவு மாணவிகள், மேல்நிலை முதலாம் ஆண்டு